பனிமூட்டத்தில் விழுந்த டஸ்கி: வில்லமெட் பள்ளத்தாக்கு வாத்து வேட்டையில் ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கில், 2010களின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர் காலையில் நடந்தது இது: எண்ணிக்கை சரிந்துவந்த டஸ்கி என்ற கனடா வாத்து வகையில் ஒன்று தவறாகச் சுடப்பட்டது. வேட்டையாடிய வாத்துகளைக் கட்டாயமாகக் காட்ட வேண்டிய பரிசோதனைச் சாவடிகள் அப்போது இயங்கிக்கொண்டிருந்தன. சம்பந்தப்பட்ட மூவரிடமும் பிற்பாடு தனித்தனியாகப் பேசித்தான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர் எதையும் தரவில்லை. வாத்து வகைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள வரும் புதியவர்களோடு உட்கார்ந்து படங்களையும் குரல்களையும் அலசுவது என் வழக்கம். அங்கே திரும்பத் திரும்ப எழும் ஒரு கேள்விக்கு இந்த ஒரு சம்பவத்தில் நிறைய பதில் இருக்கிறது: அடையாளம் தெரிந்தவர்களே ஏன் தவறான பறவையைச் சுடுகிறார்கள்?

பின்னணி

குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும் கனடா வாத்துகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. கறுப்புக் கழுத்து, கன்னத்தில் வெள்ளைத் திட்டு, பழுப்பு உடல். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஏழு வகை கலந்திருக்கும். கேக்ளர், அலூஷியன், டேவர்னர் ஆகிய மூன்றும் சிறியவை. இவற்றை 2004இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் தனி இனமாகப் பிரித்தது. லெஸ்ஸர், டஸ்கி, வான்கூவர், வெஸ்டர்ன் ஆகிய நான்கும் கனடா வாத்தின் துணையினங்கள். மல்லார்டு வாத்தைவிடச் சற்றே பெரிய கேக்ளரில் தொடங்கி, நீண்ட கழுத்தும் வெளிறிய மார்புமாகக் கனத்துப் பறக்கும் வெஸ்டர்ன் வரை இந்த வரிசை நீள்கிறது.

இவற்றில் கவலைக்குரியது டஸ்கி. அலாஸ்காவின் காப்பர் ஆற்று முகத்துவாரத்தில்தான் பெரும்பாலும் முட்டையிடுகிறது. 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் வந்த நிலநடுக்கம் அந்த முகத்துவாரத்தையே சுமார் 2 மீட்டர் மேலே தூக்கிவிட்டது. அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோரைச் சதுப்பு மெல்ல மெல்ல வறண்டது. வில்லோவும் ஆல்டரும் புதராக மண்டின. புதர் வந்ததும் பழுப்புக் கரடிக்கும் வெண்தலைக் கழுகுக்கும் கூடுகள் எளிதாகச் சிக்க ஆரம்பித்தன. முட்டையும் குஞ்சும் தப்புவது குறைந்ததால் எண்ணிக்கை சரிந்தது. அங்கே செயற்கைத் தீவுகள் அமைத்துக் கூடு கட்ட இடம் கொடுக்கும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. தெற்கே, குளிர்காலத்துக்காக 1960களின் நடுவில் வில்லமெட் பள்ளத்தாக்கில் ஃபின்லி, ஆன்கெனி, பாஸ்கெட் ஸ்லூ என்ற மூன்று சரணாலயங்களும் டஸ்கியை மனதில் வைத்தே உருவானவை.

சரி, டஸ்கி மட்டும் வந்தால் வேட்டையை மூடிவிட்டுப் போகலாம். சிக்கல் என்னவென்றால், மற்ற வகைகள் பெருகிவிட்டன. முன்பு கலிஃபோர்னியாவில் குளிர்காலத்தைக் கழித்த கேக்ளர்கள் 1990களில் இந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் நகர்ந்தன. இது புல் விதை விளையும் நிலம். நாடு முழுக்கப் புல்தரைகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் போகும் விதை இங்கிருந்து நிறையப் போகிறது. இளம் ரைகிராஸ் பயிரில் ஆயிரக்கணக்கான வாத்துகள் இறங்கினால், காலையில் பச்சையாக இருந்த மூலை மாலையில் சேறாகிக் கிடக்கும். விவசாயிக்கு வேட்டைக்காரர் வேண்டும், டஸ்கிக்கு வேட்டைக்காரர் ஆகாது. இரண்டையும் சமாளிக்க ஒரே வழி, சுடுகிறவர் வகை பிரிக்கத் தெரிந்தவராக இருப்பது. அதனால்தான் இந்தப் பகுதியில் அடையாளத் தேர்வில் தேறியவருக்கு மட்டும் தனி பெர்மிட்.

அன்றைய விதி இப்படி: சுட்ட வாத்து எல்லாவற்றையும் சாவடிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரு பருவத்தில் ஒருவருக்கு ஒரு டஸ்கி மட்டும் பொறுக்கப்படும். அது விழுந்ததும் அவர் பெர்மிட் முடிந்தது. பகுதி வாரியாக டஸ்கிக்கு ஒரு மொத்த வரம்பும் இருந்தது. எது டஸ்கி என்பதற்கும் அளவு உண்டு. மார்பின் நிறம் நிறத்தை எண்ணால் குறிக்கும் மன்செல் வண்ண அட்டையில் 10ஒய்ஆர் என்ற பழுப்புச் சாயல் வரிசையில் 5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்; அலகின் நீளம் 40 முதல் 50 மி.மீ.க்குள் வர வேண்டும். மன்செல் அட்டையில் எண் குறையக் குறைய நிறம் கறுக்கும்.

மூவர்

மூத்தவர் பல ஆண்டுகள் மாநிலத்தின் கிழக்குப் பக்கம் பெரிய வாத்துகளைச் சுட்டுப் பழகியவர். குழுவில் குறி தவறாதவர் அவர்தான். நடுவர் (மூவரில் நடுவில் உள்ளவரை இப்படிச் சொல்கிறேன்) இந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர், பெர்மிட்டைத் தவறாமல் புதுப்பிப்பவர். இளையவருக்கு அது முதல் பருவம். தேர்வுக்குப் படித்த சூடு இன்னும் ஆறவில்லை. டஸ்கியின் படங்களை மற்ற இருவரையும்விட அண்மையில் பார்த்தவர் அவரே. இந்தக் கடைசி விவரம் முக்கியம்.

அவர்கள் உட்கார்ந்த வயல் ஒரு விதை விவசாயியுடையது. கேக்ளர் மேய்ந்து பயிரை அழிக்கிறது, வந்து விரட்டுங்கள் என்று அவரே கூப்பிட்டிருந்தார்.

காலை: ஒளியும் பொம்மைகளும்

மழை பெய்து ஓய்ந்த நிலம். பனிமூட்டம் வயலின் மறு ஓரத்து மரவரிசையை முழுவதுமாக மறைத்திருந்தது. காற்று அசையவே இல்லை. வேலியோரத்தில் மறைவிடம் போட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள். பறக்கும் வாத்துகளை ஈர்த்து இறக்க முன்னால் பரப்பிய பொம்மை வாத்துகள் மூத்தவருடையவை. கிழக்குப் பக்கத்து வேட்டைக்காக வாங்கிய பெரிய ரகம், நிஜ வாத்தைவிடவும் பெரியவை.

இந்த இரண்டு ஏற்பாடுகளும் அன்றைய முடிவைப் பாதி எழுதிவிட்டன என்பது என் கருத்து. ஈரமான கறுத்த மண் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பாது. மூட்டத்தின் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரும்போது, பறக்கும் வாத்தின் மார்பும் வயிறும் நிழலில் கிடக்கும். வெளிறிய மார்புகூடக் கறுப்பாகத் தெரியும். அதில் பெரிய ஆபத்து இல்லை, சந்தேகப்பட்டுச் சுடாமல் இருந்துவிடலாம். ஆபத்து இதன் மறுபக்கத்தில் இருக்கிறது: 'இந்த மூட்டத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்' என்று மனம் ஒரு சமாதானத்தைத் தயாராக வைத்துக்கொள்கிறது. நிஜமாகவே கறுத்த பறவை வந்தாலும் அந்தச் சமாதானம் அதையும் வெளிறியதாக்கிவிடும்.

பொம்மைகளால் வந்தது அளவுக் குழப்பம். தனியாகப் பறந்து வரும் வாத்தின் பருமனை ஒப்பிடப் பக்கத்தில் ஏதாவது வேண்டும். பக்கத்தில் இருப்பது நிஜத்தைவிடப் பெரிய பொம்மை என்றால் கண் எதை நம்பும்?

முதல் கூட்டம்

முதலில் வந்தவை கேக்ளர்கள். பார்க்கும் முன்பே காது சொல்லிவிட்டது: கீச்சிட்டுக் குரைப்பது போன்ற உயர்ந்த குரல், நூற்றுக்கணக்கில், இடைவெளி இல்லாமல். மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது குட்டைக் கழுத்து, கட்டை அலகு, வேகமான இறகடிப்பு எல்லாம் ஒத்துப்போயின. மூவரும் சுட்டார்கள். விழுந்தவை எல்லாமே கேக்ளர். இங்கே யாருக்கும் குழப்பமில்லை.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கேக்ளரின் மார்பும் கறுத்ததுதான். பல பறவைகளில் ஊதா மினுமினுப்போடு டஸ்கிக்கு இணையாகக் கறுத்திருக்கும். ஆனால் அவர்கள் வகை பிரித்தது குரலையும் உருவத்தையும் வைத்து. நிறத்தை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. சரியான வழி அதுதான். அடுத்த கூட்டத்துக்கு அந்த வழி கைகொடுக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கூட்டம் கத்தவில்லை.

இரண்டாவது கூட்டம்

ஐந்து வாத்துகள். தாழ்வாக, ஏறக்குறைய சத்தமில்லாமல், மரவரிசை இருந்த பக்கத்திலிருந்து நேராகப் பொம்மைகளை நோக்கி வந்தன. சுற்றிப் பார்க்கவில்லை, தயங்கவில்லை. இறகடிப்பு நிதானமாக இருந்தது.

டஸ்கியைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியே போதும். சிறு குழுவாக வருவதும், பொம்மையை எளிதில் நம்பி இறங்குவதும் அதன் சுபாவம். ஒரே வயலில் கேக்ளர் ஆயிரம் இருந்தும் வேட்டையில் டஸ்கி அதன் விகிதத்துக்கு மேல் விழக் காரணமும் இதுதான்.

இளையவர் தாழ்ந்த குரலில், "மார்பு கறுப்பாகத் தெரியவில்லையா?" என்று கேட்டார். மூத்தவர், "மூட்டம். அது வெஸ்டர்ன்" என்றார். நடுவர் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் ஐயம் இருந்தது, ஆனால் மூத்தவர் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். மூத்தவர் ஒரு முறை சுட்டார். ஒன்று விழுந்தது. மற்ற இருவரும் சுடவில்லை. நான்கு வாத்துகள் மூட்டத்துக்குள் போயின.

மொத்தமும் சில வினாடிகள். நான் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: அலகைப் பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை. வெஸ்டர்னின் கழுத்து மெலிந்து நீண்டு தெரியும், அலகு நீளம். டஸ்கியின் கழுத்து அதைவிடக் குட்டை, உடல் கட்டுக்கோப்பு. 30 மீட்டரில் இது தெரியும், பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தால். அவர்கள் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த வெளிச்சத்தில் நம்பவே முடியாத ஒரே அடையாளம் நிறம்.

கையில் எடுத்தபோது

நடுவர் போய் எடுத்து வந்தார். மார்பு இறகை விரலால் விலக்கிப் பார்த்தால் சாக்லெட் பழுப்பு. நனைந்ததால் வந்த கறுப்பு அல்ல, இறகின் நடுவிலும் அதே நிறம். சட்டைப் பையில் வைத்திருந்த சின்ன ஸ்கேலை அலகின் மேல் வைத்தார். நுனியிலிருந்து, நெற்றியில் இறகு தொடங்கும் இடம் வரை. 44 மி.மீ. வெஸ்டர்னாக இருந்தால் பெரும்பாலும் 50ஐத் தாண்டியிருக்கும்.

மூத்தவர் ஸ்கேலை வாங்கித் தானும் ஒரு தடவை அளந்தார். அப்புறம் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டார். அவர் பருவம் அங்கேயே முடிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மற்ற இருவரும் தொடர்வதா வேண்டாமா என்பது. விதிப்படி தொடரலாம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சிறு கூட்டத்தின் தாழ்ந்த குரல் மூட்டத்துக்குள் கேட்டபோது, இளையவர் வாத்தைக் கூப்பிடும் ஊதலை எடுத்தார். நடுவர் தடுத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: ஐந்தில் நான்கு இன்னும் இங்கேதான் சுற்றுகின்றன, வெளிச்சமும் மாறவில்லை, மாறாத நிலையில் முடிவு மட்டும் எப்படி மாறும்? மூட்டம் விலகும் வரை காத்திருப்பது என்று தீர்மானித்தார்கள்.

இரண்டாவது முடிவு வெளியே தெரியாதது. சாவடிக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போய்விடலாமா என்று மூத்தவருக்கு ஒரு கணம் தோன்றியதாம். இதை அவரே என்னிடம் சொன்னார், நான் கேட்காமலே. யாரும் பார்க்கவில்லை, வயலைச் சுற்றிலும் மூட்டம். அவரைப் போக வைத்தது தண்டனைப் பயம் மட்டும் இல்லை. சாவடியில் பதிவாகும் டஸ்கிகளை எண்ணித்தான் அந்தப் பருவம் தொடர்வதும் மூடுவதும் முடிவாகிறது. ஒளித்த பறவை கணக்கில் வராது, அலாஸ்காவில் குறைந்தது குறைந்ததுதான். கணக்கு பொய்யானால் அடுத்த ஆண்டு விதி பொய்யான எண்ணின் மேல் நிற்கும். அவர் இதை இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. "கொண்டுபோகாவிட்டால் தேர்வு எழுதினதற்கே அர்த்தமில்லை" என்றார். நான் மதிக்கும் பதில் அது.

மூட்டம் விலகியபின்

முற்பகலில் வெயில் வந்தது. மறைவிடத்தை வேலியின் மறுபக்கத்துக்கு மாற்றி, சூரியன் முதுகில் படும்படி உட்கார்ந்தார்கள். பெரிய பொம்மைகளைச் சுருட்டிவிட்டார்கள். வயலின் தூர மூலையில் நான்கு வாத்துகள் தனியே மேய்ந்துகொண்டிருந்தன. பைனாகுலரில் பார்த்தபோது அவற்றில் ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்துகள். டஸ்கிகளை ஆய்வுக்காகப் பிடித்து மாட்டும் பட்டை அது. சில நூறு மீட்டர் தள்ளியிருந்தும், நல்ல வெளிச்சத்தில் அவற்றின் மார்பு எவ்வளவு கறுப்பு என்பதில் யாருக்கும் கேள்வி எழவில்லை. பக்கத்தில் வந்து இறங்கிய இரண்டு டேவர்னர்களின் சாம்பல் பழுப்பு மார்பு அதை இன்னும் எடுத்துக்காட்டியது.

காலையில் அந்தப் பட்டையை ஏன் பார்க்கவில்லை என்று இளையவர் மிகவும் வருந்தினார். வருந்தத் தேவையில்லை. பட்டை உள்ள டஸ்கி சிறு பகுதிதான். பட்டையைத் தேடிப் பழகினால் அது இல்லாததைச் சுடலாம் என்று கை பழகிவிடும். அது இன்னும் மோசம்.

அதன்பின் கேக்ளர் கூட்டம் ஒன்று வந்தது. நடுவரும் இளையவரும் சுட்டார்கள். தாழ்ந்த குரலில் கூப்பிட்ட எதையும் தொடவில்லை.

சாவடியில்

உயிரியலாளர் பறவைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். காலிப்பர் என்ற அளவுகருவியின் ஒரு முனையை அலகின் நுனியிலும் மற்றதை இறகு எல்லையிலும் வைத்து, மூச்சு விடும் நேரத்தில் எண்ணைச் சொன்னார். டஸ்கிக்கு வந்ததும் மார்பைத் துணியால் ஒற்றி, இறகை நிமிர்த்திக் காய விட்டார். ஈர இறகை அட்டையோடு ஒப்பிட்டால் தவறான எண் வரும். பிறகு அட்டையின் கட்டங்களை ஒவ்வொன்றாக இறகின் மேல் நகர்த்தினார். 4இல் நின்றது. அலகு 44. மூத்தவரின் பெர்மிட் அங்கேயே ரத்தானது. அபராதம் இல்லை, பேச்சு இல்லை. கழுத்துப் பட்டை எண்ணை இளையவர் எழுதிக் கொடுத்தார். காப்பர் ஆற்று முகத்துவாரத்தில், இறகு உதிர்த்துப் பறக்க முடியாமல் இருக்கும் பருவத்தில் பிடித்து மாட்டிய பட்டை என்று பின்னர் தகவல் வந்தது.

என்ன மாற வேண்டும்

மூவரில் சரியாகப் பார்த்தவர் இளையவர். ஆனால் அவர் அதைக் கேள்வியாகக் கேட்டார், மூத்தவர் பதிலாக முடித்துவிட்டார். நான் பயிற்சியில் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்: மறைவிடத்தில் யார் வாயிலிருந்து ஐயம் வந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு யாரும் சுடக்கூடாது. விளக்கம் தேவையில்லை, விவாதம் கிடையாது, அனுபவம் கணக்கில் வராது. இதை மறைவிடத்தில் உட்காரும் முன், துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கும் முன் பேசிவிட வேண்டும். வாத்து வந்த பிறகு பேச நேரமிருக்காது. இந்த மூவரும் அடுத்த பருவத்தில் ஒருபடி மேலே போனார்கள்: ஒருவர் துப்பாக்கி இல்லாமல் பைனாகுலரோடு மட்டும் உட்காருவார், அவர் 'சரி' சொன்னால்தான் மற்றவர் எழுவார்கள். முறை வைத்து மாறிக்கொள்கிறார்கள்.

மூட்டத்தில் நிறத்தை அடையாளமாக எடுப்பதை நிறுத்தினார்கள். குரல் கேட்டு, உருவம் தெரிந்தால் சுடலாம். சத்தமில்லாமல் தாழ்வாக வரும் சிறு கூட்டத்தை அப்படியே விட்டுவிடுவது. பொம்மைகளையும் கேக்ளர் அளவுக்கு மாற்றினார்கள், ஊதலையும் மாற்றினார்கள். பெரிய வாத்தின் கனத்த குரலை ஊதி டஸ்கியைக் கூப்பிட்டுவிட்டு, வந்தபின் அடையாளம் தேடுவதில் அர்த்தமில்லை.

மூத்தவரின் பழைய அனுபவம் எப்படிக் குறுக்கே வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மாநிலத்தின் கிழக்கே பெரிய கனடா வாத்து என்றால் வெளிறிய மார்புள்ள வெஸ்டர்ன்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அங்கே பழகிய கண் இங்கேயும் 'பெரியது, ஆகவே வெஸ்டர்ன்' என்று முடிக்கிறது. அடுத்த பருவத்துக்கு முன் அவர் ஃபின்லி சரணாலயத்துக்குத் துப்பாக்கி இல்லாமல் அடிக்கடி போய் உட்கார்ந்து பார்த்தார். படத்தில் தெரியாதது அங்கே தெரியும்: ஒரே டஸ்கி வெயிலிலும் மேகத்திலும் எப்படி நிறம் மாறுகிறது, லெஸ்ஸர் பக்கத்தில் வந்தால் எவ்வளவு பெரிதாகிறது, வெஸ்டர்ன் வந்தால் எவ்வளவு சிறிதாகிறது என்பதெல்லாம்.

2015-16 பருவத்திலிருந்து விதி கடுமையானது. ஒரு டஸ்கி என்ற சலுகை போனது. பெர்மிட் பகுதியில் டஸ்கி வேட்டை முழுவதும் மூடப்பட்டது. சாவடிகளும் நின்றுவிட்டன. இப்போது காலிப்பரோடு யாரும் காத்திருப்பதில்லை. பொறுப்பு மொத்தமும் சுடுகிறவரிடம் வந்துவிட்டது. இது முன்பைவிடச் சரியான ஏற்பாடா என்று எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் சாவடியில் காலிப்பரைப் பார்த்துக் கற்றவர்கள் அதிகம்.

இன்னொரு சிக்கல் தீராமல் இருக்கிறது. வான்கூவர் வாத்தின் மார்பும் டஸ்கி போலவே கறுப்பு. உடல் கொஞ்சம் பெரியது, அலகு பெரும்பாலும் 50 மி.மீ.க்கு மேல். கையில் வைத்து அளந்தால் பிரிக்கலாம். பறக்கும்போது அந்தச் சில மில்லிமீட்டரை யாராலும் பார்க்க முடியாது. அதனால் இந்த மூவரும் கறுத்த மார்புள்ள பெரிய வாத்து எதுவானாலும் டஸ்கி என்றே வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். இப்போது அவர்கள் பையில் சேர்வது பெரும்பாலும் கேக்ளர். வயல்காரர் கூப்பிட்டதும் அதற்காகத்தான்.